ஐயாயிரம் ஆண்டுப் பத்தியம்

பிள்ளை,

நீ கொழும்புக்குப் போன அன்று, உன் வைத்திய அறையைப் பூட்டி, திறப்பைக் குசினியில் கலண்டர் தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். நான் அதைத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில், "அம்மா, எனக்கு இனி உந்த ஊசியும் வேண்டாம், உந்த அறையும் வேண்டாம். கனடாவுக்கு அண்ணையிட்டைப் போறன். வாற வியாழக்கிழமை ரிக்கற் எடுக்கப் போறன்," என்றாய். நான் "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அதை நீ சம்மதம் என்று எடுத்திருக்கலாம். வகுப்பில் ஒரு மாணவி அழுதுகொண்டே விடை சொல்லும்போது இடைமறித்துத் திருத்தக்கூடாது என்பது என் பழைய பழக்கம். அவள் சொல்லி முடித்து மூக்கைத் துடைத்த பிறகுதான் கரும்பலகைக்குத் திரும்புவேன். இப்போது நீ சொல்லி முடித்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டி அனுப்பவில்லை. உன்னைப் போலப் படித்துவிட்டு வந்து, ஊரில் ஓர் அறை திறந்து, ஒரு பிழையோடு பூட்டிவிட்டுப் போனவர்கள் வேறும் இருப்பார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் இதில் வருகிற கால் தம்பிராசா அண்ணையின் கால். ஆகவே அவரிடம் கேட்டேன். "என்ரை பேரையும் போடுங்கோ ரீச்சர், என்ரை விரலையும் போடுங்கோ. விரல்தான் இப்ப இல்லை, பேராவது இருக்கட்டும்," என்றார்.

நடந்ததை நீ அறிவாய். ஆனாலும் நான் கண்டபடி ஒருமுறை வரிசையாக எழுதுகிறேன். உன் மனதில் அது வரிசை குலைந்து, முடிவு முதலிலும் காரணம் கடைசியிலுமாகக் கிடக்கிறது. தம்பிராசா அண்ணை பருத்தித்துறைப் பாதையில் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். நீ பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் அவருடைய பஸ்ஸில்தான் போனாய். நீ ஓடி வருவதைக் கண்ணாடியில் கண்டால் நிறுத்தி வைத்திருப்பார். கிளச்சை மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் தேய்ந்துபோயிற்று. நீ சீனாவில் படித்து முடித்து வந்து, சந்தை வீதியில் அந்த அறையைத் திறந்ததும், முதல் கிழமையிலேயே வந்தவர் அவர். ஊசி போடப் போட வலி குறைந்தது. அது உண்மை. கோயிலில் தரையில் இருந்து எழும்பக் கையை ஊன்றியவர், ஊன்றாமல் எழும்பினார். அதைப் பார்த்த நானே சாட்சி. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். உன் கதிரைகள் நிறைந்தன.

பிறகு ஒரு மத்தியானம் அவருடைய மனைவி பரமேஸ் அக்கா உனக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணை சத்தி எடுத்து, அரை மயக்கத்தில் கிடக்கிறார் என்று. நீயும் நானும் போகும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இரத்தத்தில் சீனி எல்லை கடந்து ஏறியிருந்தது. வலது காலின் சுண்டுவிரல் கறுத்திருந்தது. நீ பார்த்து வந்தது இடது கால். இளம் டொக்டர் ஒருவர் கட்டிலின் பக்கத்தில் நின்றார்.

"சீனி வருத்தத்துக்குக் குளிசை ஒழுங்கா எடுக்கிறவரோ?"

பரமேஸ் அக்கா உன்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சீன ஊசி துவங்கின நாளிலை இருந்து விட்டிட்டார், டொக்டர்."

"ஆர் விடச் சொன்னது?"

தம்பிராசா அண்ணை கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "ஒருத்தரும் சொல்லேல்லை. பத்தியம்."

"ஊசிக்கு என்ன பத்தியம் ஐயா?"

"தெரியாது தம்பி. தெரியாதபடியால்தான் எல்லாத்தையும் விட்டனான்."

"சும்மா கிடவுங்கோப்பா," என்றார் பரமேஸ் அக்கா.

அந்த டொக்டர் கோபப்படவில்லை. உன் பக்கம் திரும்பி, "நீங்கள் கேக்கேல்லையா?" என்று மட்டும் கேட்டார். விரலை எடுத்த செய்தி வந்த அன்று பெட்டியை அடுக்கினாய்.

இதுதான் நடந்தது. நீ நஞ்சு கொடுக்கவில்லை. குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டாய். ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்கு விளங்குகிறது. முன்பின் தெரியாதவர் வந்திருந்தால் கேட்டிருப்பாய். தம்பிராசா மாமாவிடம் என்ன கேட்பது, அவரைத்தான் எனக்குப் பிறந்த நாள் முதல் தெரியுமே என்று இருந்துவிட்டாய். தெரிந்த பாடத்தைத்தான் பிள்ளைகள் சோதனையில் பிழையாக எழுதுவார்கள் என்று நான் அடிக்கடி சொல்வது உனக்கு நினைவிருக்கும். கேள்வியை முழுதாக வாசிக்கமாட்டார்கள்.

அவர் ஏன் சொல்லவில்லை என்பதையும் நான் பிறகு ஆஸ்பத்திரி வாட்டில் போய்க் கேட்டேன். தலையணையில் சாய்ந்திருந்து ஆறுதலாக விளக்கம் சொன்னார்.

"ரீச்சர், எங்கடை பரியாரியார் ஒரு கசாயம் தந்தாலே கத்தரிக்காய், புளி, மீன் எல்லாம் விடுறம். இங்கிலிஷ் மருந்தையும் விடச் சொல்லுவார், ஒண்டையொண்டு முறிக்கும் எண்டு. பிள்ளையின்ரை அறை வாசல் போட்டிலை ஐயாயிரம் வருசம் எண்டு கிடக்கு. எங்கடையை விட மூத்த வைத்தியம். அப்ப பத்தியமும் அதுக்குத் தக்கதாய் இருக்கோணுமெல்லோ?"

"பிள்ளையிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, அண்ணை."

"எப்பிடிக் கேக்கிறது? நான் வேறை மருந்தும் எடுக்கிறன் எண்டு சொன்னால், உன்ரை கையை நம்பேல்லை எண்டு சொல்லுற மாதிரியெல்லோ. பத்தியம் காக்கிறன் எண்டு சொன்னால் அதுவும் பெருமை பேசுற மாதிரி."

"அப்ப பனங்கட்டி?" இது பரமேஸ் அக்கா. "பிளேன்ரீக்குப் பனங்கட்டி கடிச்சது ஆரப்பா?"

"பனங்கட்டி பத்தியத்துக்கு விலக்கில்லை," என்றார் அவர்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இருந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. உலகத்தில் வேறெங்கும் ஒரு மனிதன் முழங்காலில் ஊசி போட்டதற்காகச் சீனிக் குளிசையை நிறுத்தியிருக்கமாட்டான். இங்கேதான் நிறுத்துவான். அதுவும் நல்ல மனிதன், மரியாதை தெரிந்தவன்தான் நிறுத்துவான். உன்னைப் படிப்பித்த சீனப் பேராசிரியர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. உனக்கும் எனக்கும் தெரியும்.

அந்தப் பெயர்ப் பலகைக்கு வருகிறேன். அச்சுவேலியில் இருந்து வந்த பெயின்ரர் ஏணியில் நின்றுகொண்டு உன்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? "எத்தினை வருசம் எண்டு போடுறது, பிள்ளை? முன்பக்கத்துச் சித்த வைத்தியசாலை போட்டிலை மூவாயிரம் எண்டு கிடக்கு." நீ யோசிக்க, அவரே முடிவும் சொன்னார். "ஐயாயிரம் போடுவம். பலகையிலை இடம் கிடக்கு." நான் கீழே நின்று, மூவாயிரத்துக்கு அப்பால் எழுத்துச் சாட்சி ஒன்றும் இல்லையே என்றேன். "அம்மா, இது சோதனைத்தாள் இல்லை," என்றாய். மூன்று பேரும் சிரித்தோம். சிவப்பு எழுத்தில் ஐயாயிரம் ஏறியது.

இனி நான் சொல்லப்போவது உனக்குப் புதிது அல்ல. எல்லாம் நீ சீனாவில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் எனக்குச் சொன்னவை. நான் சரித்திர ஆசிரியை என்பதால் உன் புத்தகங்களில் என்னைக் கவர்ந்ததெல்லாம் அவற்றின் முதல் அத்தியாயங்கள்தான். பிறகு நானும் தேடி வாசித்தேன், ஓய்வு பெறும்வரை வகுப்பிலும் சொன்னேன். இப்போது உனக்கே திருப்பிச் சொல்கிறேன்.

ஐயாயிரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மண்ணையும் மூலிகையையும் மனிதருக்கு அறிமுகம் செய்ததாகச் சொல்லப்படும் ஓர் ஆதி உழவர் அரசரிடமிருந்து. அவர் காட்டில் இருந்த செடியையெல்லாம் தானே கடித்துப் பார்த்து, எது மருந்து, எது நஞ்சு என்று சொன்னாராம். ஒரே நாளில் பல தடவை நஞ்சு ஏறித் தப்பினாராம். அழகான கதை. எங்கள் கோயில்களின் தலபுராணங்கள் போல. அதை நம்புவதில் தீங்கில்லை, ஆனால் அதை ஆண்டுக் கணக்காக மாற்றிப் பலகையில் ஏற்றும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. அந்தக் கதைக்குள்ளேயே நான் மதிக்கும் ஒன்று இருக்கிறது. அவர் முதலில் தன் வாயில் வைத்துப் பார்த்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டவன்தான் கடித்துப் பார்ப்பான்.

எழுத்துச் சாட்சி தொடங்குவது எலும்பில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூதனசாலையில் இருந்து அந்த எலும்புகளைக் காட்டினாய். மாட்டுத் தோள் எலும்பும் ஆமையின் வயிற்று ஓடும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சீன அரசன் சுகமில்லாமல் கிடந்தால், குறி சொல்பவர்கள் எலும்பைச் சூடாக்குவார்கள், அது வெடிக்கும், வெடிப்பைப் பார்த்துப் பதில் அறிவார்கள், கேள்வியை அதிலேயே செதுக்கி வைப்பார்கள்.

"அரசனுக்குப் பல்லுக்குத்து, அம்மா. அதைத்தான் கேட்டு வச்சிருக்கினம்."

"ஆர் கோவிச்சதாம்?"

"செத்துப்போன முன்னோரிலை ஆர் எண்டுதான் கேள்வி."

"எங்கடை வீட்டிலையும் அதுதானே கேள்வி. அப்பாச்சிக்குப் படைக்க மறந்த வருசம் உனக்கு அம்மாள் வருத்தம் வந்தது."

நீ அங்கே நின்று சத்தமாகச் சிரிக்க, காவலாளி வந்து வாயில் விரல் வைத்துக் காட்டினார். அந்த எலும்புகளின் பிற்காலத்தையும் நீதான் சொன்னாய். உழவர்கள் வயலில் கிளறி எடுத்த அந்த எலும்புகள், டிராகன் எனும் பறவை நாகத்தின் எலும்பு என்ற பெயரில் மருந்துக் கடைகளுக்குப் போய், அரைபட்டு, நோயாளிகளின் வயிற்றுக்குள் போயினவாம். எழுத்து இருந்தால் கடைக்காரர் வாங்கமாட்டார் என்று சில இடங்களில் எழுத்தைச் சுரண்டிவிட்டு விற்றார்களாம். தங்கள் வைத்தியத்தின் முதல் பக்கத்தைத் தாங்களே கசாயமாகக் குடித்த மனிதர்கள். அப்படி எத்தனை கேள்விகள் வயிற்றோடு போயினவோ, யாருக்குத் தெரியும். வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், இன்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேலே, பட்டுத் துணியில் எழுதிய வைத்தியக் குறிப்புகளை ஒரு கல்லறைக்குள் வைத்து மூடினார்கள். நம் காலத்தில்தான் அதைத் திறந்தார்கள். உன் ஆசிரியர்கள் அதைப் பாடமாக்கியபோது நீ கொஞ்சம் ஏமாந்து போயிருந்தாய். உடலில் உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள் பிற்காலத்தில் பன்னிரண்டு, அந்தத் துணியில் பதினொன்றுதான். ஊசி குத்தும் புள்ளிகளே இல்லை, பாதையில் மூலிகை வைத்துச் சுடுவதுதான். மருந்துக்குப் பக்கத்திலேயே மந்திரம். மரு விழுவதற்கு, மாதத்தின் கடைசி நாளில் பழைய விளக்குமாற்றால் அதைத் தடவி, விளக்குமாற்றைக் கிணற்றில் போட வேண்டும். "என்ன அம்மா இது, நான் படிக்க வந்தது இதையோ?" என்றாய்.

நான் உனக்கு அன்று கூகைக்கட்டை நினைவுபடுத்தினேன். நீ நாலாம் வகுப்பில் இருக்கும்போது இரண்டு கன்னமும் வீங்கிவிட்டது. அப்பா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். பக்கத்து வீட்டார் பொன் போட்டால் வற்றும் என்று தங்கள் சங்கிலியைக் கழற்றி உன் கழுத்தில் போட்டார்கள். நான் உன்னை டொக்டரிடம் கூட்டிப்போய்ப் பனடோல் வாங்கிக் கொடுத்தேன். வீக்கம் வற்றியது. அன்று தொடக்கம் அப்பா வேப்பிலை என்றார், அவர்கள் சங்கிலி என்றார்கள், நான் பனடோல் என்றேன். டொக்டரைக் கேட்டால், அது தானாகவே வற்றுகிற வருத்தம், சும்மா இருந்தாலும் வற்றியிருக்கும் என்றார். நாங்கள் மூவரும் அவரை நம்பவில்லை. அந்தக் கல்லறைத் துணி எங்கள் வீடு மாதிரி. எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது, எது வேலை செய்தது என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் வந்தார்கள். அவர்கள் வந்ததுதான் சரித்திரம். பதினொன்று பன்னிரண்டாவதற்கு யாரோ ஒருவர், முன்னவர் எழுதியது போதாது என்று சொல்ல வேண்டியிருந்தது. முழுதாக வானத்தில் இருந்து இறங்கிய வைத்தியத்துக்குப் பத்தியம் மட்டும்தான் காக்கலாம். மனிதர் கைப்பட வளர்ந்த வைத்தியம் என்றால் கேள்வி கேட்கலாம்.

இரண்டு வைத்தியர்களின் கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாமவர் ஊர் ஊராகத் திரிந்தவர். ஓர் ஆட்சியாளனைப் பார்க்கப் போனார். பார்த்ததுமே, உங்கள் தோலுக்கு அடியில் ஒரு நோய் இருக்கிறது, இப்போதே கவனித்தால் நல்லது என்றார். அவன் தனக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டு, நோயில்லாதவனைச் சுகப்படுத்திப் பேர் எடுக்கப் பார்க்கிறான் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னான். சில நாள் கழித்து வந்து, நோய் தசைக்குள் போய்விட்டது என்றார். கேட்கவில்லை. மறுபடி வந்து, குடலுக்குள் போய்விட்டது என்றார். அப்போதும் கேட்கவில்லை. கடைசி முறை வந்தவர் தூரத்தில் இருந்து அவனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். ஆள் அனுப்பி ஏன் என்று கேட்டான். தோலில் இருக்கும்போது ஒத்தடம் போதும், தசையில் இருக்கும்போது ஊசி போதும், குடலில் என்றால் கசாயம் போதும், இப்போது எலும்பின் மச்சைக்குள் போய்விட்டது, இனி நான் சொல்ல ஒன்றுமில்லை என்றார். அவனுக்கு நோவு தொடங்கி அவரைத் தேடியபோது அவர் நாட்டை விட்டே போயிருந்தார். அவன் இறந்தான்.

இந்தக் கதையை நான் வகுப்பில் வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளைகளுக்குச் சொல்வேன். இப்போது நீ போன பிறகு அதை வேறு விதமாக வாசிக்கிறேன். அவர் திரும்பிப் போனது நியாயம். நோய் மச்சைக்குள் போயிருந்தது. தம்பிராசா அண்ணையின் நோய் மச்சைக்குள் போகவில்லை, பிள்ளை. சுண்டுவிரலோடு நின்றுவிட்டது. புண் காய்ந்து வருகிறது. குளிசையைத் திரும்ப எடுக்கிறார், பரமேஸ் அக்கா எண்ணிக் கொடுக்கிறார். மச்சைக்குள் போகாத நோயைப் பார்த்து நாட்டை விட்டுப் போன வைத்தியரைப் பற்றி அந்தப் பழைய கதையில் ஒன்றும் இல்லை.

இரண்டாமவர் அரசாங்கத் தானியக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்து, பிறகு வைத்தியரானவர். அந்தக் கல்லறை மூடப்பட்ட காலத்தவர்தான். எல்லோரையும் அவர் பார்க்கவில்லை, அதனால் மனக்குறைப்பட்டவர்கள் பலர். குற்றம் சாட்டி, உடலைச் சிதைக்கும் தண்டனைக்காகத் தலைநகருக்குக் கொண்டு போனார்கள். அவருக்கு ஐந்தும் பெண் பிள்ளைகள். ஆபத்துக்கு உதவ ஓர் ஆண் பிள்ளை இல்லையே என்று அவர் வாய்விட்டுச் சொன்னாராம். அதைக் கேட்ட கடைசி மகள் அப்பாவோடு அந்தத் தூரமெல்லாம் போய், வெட்டிய உறுப்பு திரும்ப முளைக்காது, திருந்த நினைத்தாலும் வழி இல்லாமல் போய்விடுகிறது, அப்பாவுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று பேரரசருக்கு விண்ணப்பம் எழுதினாள். அவர் விடுதலையானார். நீ இதைச் சொன்ன அன்று, "பாத்தியளே அம்மா, பொம்பிளைப் பிள்ளை," என்று சொல்லிவிட்டு உன் அண்ணையையும் வீடியோவுக்குள் கூப்பிட்டு அவனிடமும் சொன்னாய். அவன் "நானும் உனக்காக விண்ணப்பம் எழுதுவன், முதல் சுப்பர்மார்க்கட்டிலை லீவு தரட்டும்," என்றான்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. பேரரசர் அவரிடம் கேட்டனுப்பினார். யார் யாரைப் பார்த்தாய், என்ன நோய், என்ன கொடுத்தாய், பிழைத்தாரா, இறந்தாரா? அவர் ஒவ்வொருவராகச் சொன்னார். இன்னார், இன்ன ஊர், இன்ன வேலை, இன்னதைச் சாப்பிட்டார், இன்னதைக் குடித்தார். பிழைத்தவர்களைப் போலவே இறந்தவர்களையும் சொன்னார். அவர்களில் ஒருவன் தானும் ஓர் அரண்மனை வைத்தியன். கல்மருந்தைத் தானே புடம் போட்டு விழுங்கி வந்தான். இவர் அதை விடு என்றபோது, பழைய வைத்தியர் வாக்கை மேற்கோள் காட்டி வாதாடினான். கட்டி உடைந்து இறந்தான். பழைமையைச் சாட்சிக்கு இழுத்து இறந்தவன் அங்கேயும் இருந்திருக்கிறான், பார். கடைசியில் பேரரசர், உன் கணிப்பு ஒருபோதும் தவறாதா என்று கேட்டார். சில வேளைகளில் தவறும், என்னால் முழுமையாக இருக்க முடியாது என்றார். தண்டனைக்குப் பக்கம் போய் வந்த மனிதர், பேரரசரிடம் அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு வைத்தியத்தை விட்டுவிடவில்லை.

சீன வைத்தியத்தின் முதல் காலத்தில் இருந்து உனக்கு ஒரு முன்னோரைத் தெரிவு செய்யச் சொன்னால், செடி கடித்த அரசரைவிட இவரைத்தான் தெரிவு செய்வேன். ஐயாயிரம் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம். ஆனால் இவர் கேட்டார்.

உன்னுடைய வைத்தியத்தில் நோயாளியை அறிய நாலு வழி என்று சொல்வாய். பார்ப்பது, குரலையும் மூச்சையும் காது கொடுத்துக் கேட்பது, விசாரிப்பது, நாடியைத் தொடுவது. தம்பிராசா அண்ணையிடம் நீ மூன்றைச் செய்தாய். விட்டது ஒன்று. அந்த ஒன்றை உன் சீனப் புத்தகத்தில் உள்ளபடி கேட்டாலும் போதாது, எங்கள் ஊருக்கு ஏற்றபடி கேட்க வேண்டும். "வேறை என்ன மருந்து எடுக்கிறியள்?" என்று கேட்டால் இங்கே ஒன்றுமில்லை என்பார்கள், மரியாதைக்காக. "எனக்காக எதை விட்டிருக்கிறியள்?" என்று கேட்டால் வரிசையாக வரும். கத்தரிக்காய், புளி, மீன், குளிசை. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. வாட்டில் அந்தக் கதிரையில் இருந்தபோது தெரிந்தது. கனடாவில் இந்தக் கேள்விக்கு வேலை இல்லை. நான் உன்னை மறிப்பதற்காக இதை எழுதவில்லை. உன் அண்ணையிடம் போவது குற்றம் அல்ல. போக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போகிறவளைப் பஸ் ஏற்றிவிட என்னால் முடியும். கேட்காமல் விட்ட ஒரு கேள்வியில் இருந்து ஓடுகிறவளை ஏற்றிவிடத்தான் கை வரவில்லை.

பலகையை என்ன செய்வது என்று பெயின்ரர் வந்து கேட்டார். ஊரில் கதை பரவித்தான் இருக்கிறது. "ரீச்சர், அந்த ஐயாயிரத்தை மட்டும் சுரண்டிவிடவோ?" என்றார். நான் வேண்டாம் என்றேன். அந்த எலும்புகளில் இருந்த உண்மையான எழுத்தை விற்பனைக்காகச் சுரண்டினார்கள். இந்தப் பொய்யான எழுத்தை நீ வராமல் நான் சுரண்டினால் அதுவும் கடையைக் காப்பாற்றுகிற வேலையாகிவிடும். அது உன் அறை. இருப்பதும் போவதும் உன் கையால் நடக்கட்டும்.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். நான் அறை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டோ ஒன்று வந்து நின்றது. தம்பிராசா அண்ணை, காலில் கட்டோடு, பரமேஸ் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கையில் ஒரு சொப்பிங் பை. நான் பக்கத்துக் கடையில் ஒரு கதிரை கேட்டு வாங்கி வந்து வாசலில் போட்டேன்.

"பிள்ளை எங்கை, ரீச்சர்?"

"கொழும்பிலை. வெளியிலை போற யோசனை."

அவர் பூட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு பையை மடியில் வைத்து அவிழ்த்தார். சீனிக் குளிசை, பிறசர் குளிசை, பரியாரியார் தந்த சூரணம், கோயில் விபூதிப் பொட்டலம், காலுக்குப் பூசும் எண்ணெய். எல்லாவற்றையும் ஒருமுறை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

"பிள்ளை கேக்கேல்லை, நான் சொல்லேல்லை. பஸ்ஸிலை பெல் அடிக்காமல் இருந்தால் நான் நிப்பாட்டுறேல்லை. இறங்கோணும் எண்டவன்தான் அடிக்கோணும். உதுக்கு ஏன் டிரைவரும் பஸ்ஸை விட்டிட்டு ஓடுறது? கிளச்சுக் கால் திரும்பவும் பிடிக்குது ரீச்சர். பிரேக் காலிலை ஒரு விரல் குறைவுதான், ஆனால் நான் இப்ப ஓட்டிறேல்லைத்தானே."

"ஆஸ்பத்திரி டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"புண் காய்ஞ்சாப் போல ஊசிக்குப் போகலாமாம். கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "திங்கட்கிழமை இந்தப் பையைப் பிள்ளைக்குக் காட்ட வாறன். பூட்டிக் கிடந்தால் இதிலை இருந்து ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போறன்."

"பனங்கட்டி இல்லாமல்," என்றார் பரமேஸ் அக்கா.

நான் கதிரையைத் திருப்பிக் கொடுக்காமல் வாசலிலேயே விட்டேன். திங்கட்கிழமை வியாழக்கிழமைக்கு முந்தித்தான் வருகிறது. திறப்பு அதே ஆணியில் தொங்குகிறது.

அம்மா